சனிக்கிழமைக் காற்று

ஐப்பசி மழை பிடித்த நாலாம் நாள், செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்குத் தனப்பிரியாவின் லேப்டாப் அணைந்துபோனது. பக்கத்துப் பட்டறையில் தறிகள் நாலும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஆகவே கரண்டு போகவில்லை. சார்ஜர் வயரைப் பிடுங்கி மாட்டினாள். பொத்தானை முப்பது எண்ணும்வரை அழுத்திப் பிடித்தாள். பத்து நிமிடம் விட்டு மறுபடி அழுத்தினாள். பிறகு நோட்டை எடுத்துத் தேதி, நேரம், செய்து பார்த்தது என்ன என்று வரிசையாக எழுதினாள். தப்பு நடந்தால் அதில் தன் பங்கு எவ்வளவு என்று முதலில் பார்ப்பது அவள் சுபாவம்.

ஆட்டையாம்பட்டியிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே தள்ளிய ஊர். வீட்டுக்கும் பட்டறைக்கும் நடுவில் ஓர் அறை. அதில் நெசவு நூலைத் தார்க்கட்டையில் சுற்றும் மிஷின் ஒருபக்கம், அவளுடைய மேசை மறுபக்கம். பட்டறையில் துண்டு நெய்கிறார்கள். பஞ்சு பறந்து வந்து எல்லாவற்றின் மேலும் படியும். குழம்பில் விழும், தலையில் விழும், லேப்டாப் எழுத்துகளின் இடுக்கிலும் விழும். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் அந்த இடுக்குகள் துடைத்துவிட்டது போலச் சுத்தமாக இருக்கும். அம்மா துடைத்திருப்பாள் என்று நினைத்துக்கொள்வாள்.

எட்டு மாதம் சேலத்துக்கு மாலை வகுப்பு போய் மெடிக்கல் கோடிங் படித்திருந்தாள். மருத்துவமனைக் குறிப்புகளைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய எண்ணைப் போட வேண்டும். காப்பீட்டுக்காரர்களுக்கு அந்த எண்கள் போகும். வேலை கிடைத்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. வீட்டிலிருந்தே செய்யலாம், ஆனால் சொந்த லேப்டாப் இருக்க வேண்டும். ஒரு மாதப் பயிற்சியில் ஐந்து வேலைநாள் தவறினால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, திங்கள். விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். ஒரு கை விரல்கள்தான்.

"வாரண்டி இருக்குதுல்ல கண்ணு?" என்றார் அப்பா தங்கசாமி. அறுந்த இழையை முடிந்துவிட்டு வந்திருந்தார். காதிலும் மீசையிலும் பஞ்சு.

"ரெண்டு வருசத்துக்கு இருக்குதுங்கப்பா. வாங்கி ஏழு மாசந்தான் ஆவுது."

"அப்பறம் என்ன? அவன் குடுத்த பொருளு, அவனே பாக்கோணும். அழுவாத போ."

புதன்கிழமை சேலம் சர்வீஸ் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தாள். டோக்கன் எண் நாற்பத்தொன்று. வெள்ளிக்கிழமை காலை, நேரில் வாருங்கள் என்று போன் வந்தது. அப்பா இரண்டு தறியை நிறுத்திவிட்டு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். வழியில் பஸ் ஏறுவதற்கு முன் கை முறுக்கு ஒரு பொட்டலம் வாங்கினார்.

"எதுக்குங்கப்பா?"

"ரிப்பேரு பாத்த பையனுக்குத்தான். வெறுங்கையை வீசிட்டா போறது?"

கவுண்டரில் இருந்தவன் பெயர் சபரிநாதன் என்று சட்டையில் குத்தியிருந்த அட்டை சொன்னது. அவள் வயதுதான் இருக்கும். அப்பா பொட்டலத்தைக் கண்ணாடி மேல் வைத்தார்.

"அய்யோ, இதெல்லாம் வாங்கக் கூடாதுங்க சார். கேமரா இருக்கு."

"முறுக்குக்கு எதுக்கு சாமி கேமரா? சும்மா எடுத்து வெய்யி."

அவன் பொட்டலத்தைத் தொடவில்லை. தன் போனில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிக் காட்டினான். பச்சை நிறத் தகட்டின் மேல் வெள்ளையும் நீலமுமாக ஏதோ பூத்திருந்தது.

"போர்டுல தண்ணி பட்டுருக்குங்க சார். இதெல்லாம் துரு. இந்த ஸ்டிக்கர் பாருங்க, வெள்ளையா இருக்கோணும். தண்ணி பட்டா செவப்பாயிரும். தண்ணி பட்டதுக்கு வாரண்டி கெடையாதுங்க."

"ஏந்தம்பி, எங்கூட்ல அந்த மேசைமேல ஒரு சொம்புத் தண்ணிகூடக் கவுந்தது கெடையாது. தண்ணி பட்டுச்சுன்னு ஆரு சொன்னது?"

"நான் சொல்லலைங்க. ஸ்டிக்கர் சொல்லுது."

"ஸ்டிக்கருக்கு வாயி இருக்குதா?"

காத்திருந்தவர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். சபரிநாதனுக்கும் சிரிப்பு வந்து, அடக்கிக்கொண்டான்.

"நீங்க பொய் சொல்றீங்கன்னு சொல்லலைங்க சார். ஒரே நாள்ல கொட்டுன மாதிரியும் இல்லை. கொஞ்சங் கொஞ்சமா, ரொம்ப நாளாப் பட்ட மாதிரி இருக்கு. ஈரமான இடத்துல வெச்சிருந்தீங்களா?"

"பட்டறை ஊடு தம்பி. ஈரமிருந்தா நூலு தாங்குமா? பஞ்சுதான் பறக்கும். அந்தப் பஞ்சுகூட ஒட்டாம நான் புள்ளையாட்டம் பாத்துட்டு வாரேன். எம்புள்ளயும் பொய் சொல்லாது. வேணும்னா கற்பூரத்தை ஏத்து, அடிச்சு அணைக்கறேன்."

"கற்பூரம் அடிச்சா கம்பெனி ஒத்துக்காதுங்க. மதர்போர்டு மாத்தோணும்னா முப்பத்தெட்டாயிரம் ஆவும்."

நாற்பத்து நாலாயிரத்துக்கு வாங்கிய லேப்டாப். அப்பாவின் குரல் உயர்ந்தது. மேனேஜரைக் கூப்பிடு என்றார். மேனேஜர் வந்து, சபரிநாதன் சொன்னதையே இங்கிலீஷ் கலந்து சொன்னார். தனப்பிரியா அப்பாவின் முழங்கையைப் பிடித்தாள். அவளுக்குத் தன்மேலேயே சந்தேகம். ஒருநாள் டீ டம்ளரை அங்கே வைத்திருப்பேனோ? ஈரத்தலையோடு உட்கார்ந்திருப்பேனோ?

வெளியே வரும்போது அப்பா திரும்பிப் போய் முறுக்குப் பொட்டலத்தை எடுத்து மஞ்சப்பையில் போட்டுக்கொண்டார். பஸ்ஸில் அதை மடியில் வைத்திருந்தார். நெரிசலில் யாரோ சாய, முறுக்கு நொறுங்கும் சத்தம் கேட்டது. அவர் குனிந்து பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் தனப்பிரியா நோட்டில் நாலு பேரை எழுதினாள். நான், அம்மா, அப்பா, மாரியாயி அக்கா. அந்த அறைக்குள் வேறு யாரும் வருவதில்லை. முதலில் அப்பா பெயரை அடித்தாள். அவர் தறியை விட்டு அந்த மேசைப் பக்கம் வந்து அவள் பார்த்ததேயில்லை. அம்மாவுக்கு லேப்டாப்பைத் தொடவே பயம். நான் என்பதற்கு எதிரே ஒரு கேள்விக்குறி போட்டாள்.

மாரியாயி ஏழு வருஷமாகத் தார் சுற்றுகிறவள். துணியில் குறுக்கே ஓடும் ஊடை நூலைச் சின்னக் கட்டைகளில் சுற்றித் தர வேண்டும். தறி அதைத் தின்றுகொண்டே இருக்கும். காலை ஏழு மணியிலிருந்து பொழுது சாய்கிறவரை அந்த மிஷின் முன்னால்தான் இருப்பாள். மேசை ஓரத்தில் அவளுடைய தண்ணீர் பாட்டில் நிற்கும். மூடி தொலைந்துபோன பழைய சோடா பாட்டில். வாயில் ஒரு துணியைத் திணித்து வைத்திருப்பாள்.

பாட்டிலை முதலில் சொன்னது அம்மா வசந்தாமணிதான். சொன்ன பிறகு தனப்பிரியாவின் கண்ணில் அந்தப் பாட்டில் மட்டும்தான் தெரிந்தது.

அன்று சாயங்காலமே கேட்டுவிட்டாள்.

"அக்கா, ஒண்ணு கேப்பேன், தப்பா நெனைக்கக் கூடாது."

"கேளு சாமி."

"அந்த மேசைமேல தண்ணி கிண்ணி கொட்டுனீங்களாக்கா? தெரியாமத்தான். பாட்டில் சாஞ்சிருக்கும்..."

மாரியாயி மிஷினை நிறுத்தினாள்.

"நான் கொட்டுனனா?"

"இல்ல, கேக்கறேன்."

"நாங் கொட்டல சாமி."

அரிசியும் பருப்பும் கழுவிக்கொண்டிருந்த வசந்தாமணி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "கொட்டியிருந்தாச் சொல்லிப்போடு மாரியாயி. ஆரும் உன்னய முழுங்கிர மாட்டாங்க. மறந்துகூடப் போயிருக்கும்."

"மறக்கறதுக்கு எனக்கு என்ன புத்தி கெட்டுப்போச்சுங்களாக்கா? ஏழு வருசமா ஒரு கட்டைத் தாரு கணக்குல கொறைஞ்சிருக்குதா?"

"அதுக்கில்ல..."

"செரி."

மாரியாயி எழுந்தாள். சேலையில் ஒட்டியிருந்த நூலைத் தட்டிவிட்டாள். பட்டறைக்குள் அப்பா தார்க்கட்டையைச் சுமந்து ஓடும் நாடாவை மாற்றிக்கொண்டிருந்தார். தறி இரைச்சலில் இங்கே பேசுவது அங்கே கேட்காது. மாரியாயி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஏதோ சொல்லப்போகிறாள் என்று தனப்பிரியாவுக்குத் தோன்றியது. ஆனால் மாரியாயி பாட்டிலையும் சோத்துத் தூக்குப் போசியையும் எடுத்துக்கொண்டு, தலையில் ஒரு உரச்சாக்கைக் கொங்காடையாகப் போட்டு, மழையில் இறங்கிப் போனாள்.

மறுநாள் வரவில்லை. மேக்காட்டுப் பட்டறைக்குத் தார் சுற்றப் போய்விட்டாள் என்று சேதி வந்தது. "குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்காதா" என்றாள் வசந்தாமணி. தனப்பிரியாவும் அப்படித்தான் நினைத்தாள். நினைத்ததில் கொஞ்சம் ஆறுதலும் இருந்தது. கேள்விக்குறி தன் பெயரை விட்டு நகர்ந்துவிட்டதே.

சனிக்கிழமை மாலை வகுப்புக்குப் போய், அங்கே இருக்கும் கணினி ஒன்றை இரண்டு வாரத்துக்குத் தர முடியுமா என்று கெஞ்சினாள். வெளியாள் வேலைக்குத் தர முடியாது என்றார்கள். வேலை கிடைத்த பிறகும் சான்றிதழ்ப் பரீட்சைக்காகச் சனிக்கிழமை சனிக்கிழமை அவள் அந்த வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். லேப்டாப்பை எடுத்துப் போவதில்லை. பஸ் நெரிசலில் உடைந்துவிடும் என்ற பயம்.

திங்கள்கிழமை ஆறு மணிக்கு ஆபீஸிலிருந்து சௌமியா மேடம் கூப்பிட்டார்.

"பிரியா, என் கையில எதுவும் இல்லம்மா. நீ நல்லாத்தான் பண்ணிட்டிருந்த. அஞ்சு நாள் ஆனா லிஸ்ட் அதுவா க்ளோஸ் ஆயிடும்."

"நாளைக்கு யாருகிட்டயாவது வாங்கிடறேங்க மேடம்."

"உன் இடத்துக்கு வேற ஆள் போட்டாச்சும்மா. அடுத்த பேட்ச்சுக்கு அப்ளை பண்ணு."

"அடுத்த பேட்ச் எப்பங்க மேடம்?"

"தெரியலம்மா."

போனை வைத்துவிட்டு அவள் அழவில்லை. தறிக்குத் தார் இல்லை என்று அம்மா கத்தினாள். போய் மிஷின் முன்னால் உட்கார்ந்தாள். நூல் விரலை அறுத்தது. அம்மா சுற்றிய தார் தளர்வாக இருந்து நாடாவில் சிக்கியது. அவள் சுற்றியது இறுக்கமாக இருந்து அறுந்தது. நாலு தறியில் இரண்டுதான் ஓடின.

அப்பாவுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. "கேசு போடறோம். பொருளு வாங்கறவனுக்குன்னு ஒரு கோர்ட்டு இருக்குதாமா, டீக்கடையில சொன்னாங்க. நீ எழுது. நடந்தது நடந்தாப்பல எழுது."

எழுதுவது அவளுக்கு வரும். வாங்கிய தேதி, ரசீது எண், அணைந்த நேரம், டோக்கன், கவுண்டரில் பேசிய பேச்சு, போன வேலை எல்லாவற்றையும் மூன்று பக்கத்துக்கு வரிசையாக எழுதினாள். கடைசி வரியில் நின்று யோசித்து, பிறகு எழுதினாள்: 'இந்தக் கணினியின்மீது எந்தக் காலத்திலும் தண்ணீரோ வேறு திரவமோ படவில்லை என்று நாங்கள் இருவரும் உறுதி கூறுகிறோம்.'

"மாரியாயி அக்கா பாட்டில்..." என்று இழுத்தாள்.

"அவ கொட்டலைன்னு சொல்லிட்டாள்ல. உட்டுப்போடு. கோர்ட்டுல நம்ம சொல்லுதான்." அப்பா பேனாவை வாங்கி, 'தங்கசாமி' என்று பெரிய பெரிய எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார். வாரக் கடைசியில் ரசீதுக்கெல்லாம் நகல் எடுத்துத் திங்கள்கிழமை தபாலில் அனுப்புவதாகப் பேச்சு.

அந்தச் சனிக்கிழமை அவள் வகுப்புக்குப் போகவில்லை. போய் என்ன ஆகப்போகிறது? மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஐந்து மணிக்குத் தறிகள் நின்றன. திடீரென்று மழைச்சத்தம் கேட்டது.

அப்பா கம்ப்ரஸரைப் போட்டார். சங்ககிரியில் ஒரு பஞ்சர் கடைக்காரர் கடையை மூடியபோது சல்லிசாகக் கிடைத்தது அது. லாரிச் சக்கரத்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த மிஷின். வாராவாரம் தறி நிறுத்தியதும், நீளமான குழாயின் நுனியில் துப்பாக்கி போல இருக்கும் கன்னை அழுத்தித் தறிகளுக்குக் காற்றடிப்பார். ஏழு நாள் பஞ்சும் மூலை முடுக்கிலிருந்து கிளம்பிக் காலடியில் சுருண்டு விழும். இந்த வேலையை அவர் வேறு யாரிடமும் விடுவதில்லை.

முதல் தறி, இரண்டாவது, மூன்றாவது, நாலாவது. அதோடு முடிந்தது என்று அவள் நினைத்தாள். அப்பா குழாயை இழுத்துக்கொண்டே அறைக்குள் வந்தார். சர்வீஸ் கடையிலிருந்து திரும்பி வந்த லேப்டாப் மேசைமேல் கிடந்தது. மூடியைப் பதமாகத் திறந்தார். கன்னைச் சாய்த்துப் பிடித்து எழுத்து எழுத்தாகக் காற்றடித்தார். பிறகு கைக்குழந்தையைக் குப்புறப் போடுவதுபோலத் திருப்பிப் போட்டு, அடியில் இருந்த சின்னச் சின்ன ஓட்டைகளுக்குள் நெருக்கமாக வைத்து அடித்தார்.

"அதுதான் செத்துப்போச்சே, அதுக்கு எதுக்குங்கப்பா?"

"செத்தாலும் தூசு அடைய உடலாமா? நாளைக்குக் கோர்ட்டுல கொண்டாந்து காட்டுன்னா காட்டோணுமுல்ல?"

"எப்பவும் அடிப்பீங்களா?"

"வாங்குன வாரத்துல இருந்து. நீ கிளாசுக்குப் போயிருப்ப. பஞ்சு அடைஞ்சா மிஷின் சூடாயிருமுல்ல? எனக்கு அது அஞ்சாவது தறி கண்ணு."

அவள் முழங்கையில் சில்லென்று ஏதோ பட்டது. கன்னின் மூக்கிலிருந்து காற்றோடு புகைபோல ஈரம் வந்துகொண்டிருந்தது. இடையிடையே கன் இருமியது. இருமும்போதெல்லாம் துருநிறத் தண்ணீர் துளித்துளியாகத் தெறித்தது. மேசை மேல் விசிறிபோலப் பொடித் துளிகள். கூடையில் சுற்றி வைத்திருந்த தார்கள் ஒருபக்கம் நனைந்திருந்தன. அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து, வியர்வையைத் துடைப்பதுபோல மேசையையும் லேப்டாப்பையும் துடைத்தார். துடைத்ததைத் திரும்பிப் பார்க்கவில்லை. குழாயைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

கொஞ்சங் கொஞ்சமா, ரொம்ப நாளா.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. ஓடையைத் தாண்டி மாரியாயி வீட்டுக்குப் போனாள். மாரியாயி வாசலில் உட்கார்ந்து தட்டைப்பயறு உரித்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. போகவும் சொல்லவில்லை.

"தாரு ஆரு சுத்தறது?"

"நாந்தாங்கக்கா."

மாரியாயி அவள் விரலைப் பார்த்தாள். ஒட்டுத்துணி சுற்றியிருந்தது. "கம்ப்ரஸர்ல தண்ணியத் தொறந்து உடறது ஆரு?"

"எந்தத் தண்ணிங்கக்கா?"

"டேங்குக்கு அடியில ஒரு திருகு இருக்குதுல்ல. அன்னாடம் வெடிய வந்ததும் அதத் தொறந்து உட்டுட்டுத்தான் நான் தாருக்கு உக்காருவேன். இல்லீன்னா காத்தோட தண்ணி வந்து தாரெல்லாம் நனைஞ்சுபோவும். உங்கம்மாகிட்ட எத்தனை நா பேச்சு வாங்கியிருக்கேன். மழை நாள்ல தொறந்து உட்டாலும் கொஞ்சம் வரத்தான் செய்யும்."

"அப்பா லேப்டாப்புக்கும் அடிச்சது..."

"சனிக்கெழமையானா என் கண்ணு முன்னாலதான அடிச்சாரு."

"அப்ப உங்களுக்குத் தெரியும்."

"அது கெட்டுப்போவும்னு எனக்கென்ன சாமி தெரியும்? நீ வந்து தண்ணின்னு கேட்டப்பத்தான் சுருக்குன்னுச்சு."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமுல்லக்கா."

மாரியாயி உரித்த தொலியை முறத்திலிருந்து ஒதுக்கினாள். "நீ என்ன கேட்ட? நான் கொட்டுனனான்னு கேட்ட. இல்லைன்னேன். ஆருன்னு நீ கேக்கவே இல்லியே."

தனப்பிரியா விரலில் சுற்றியிருந்த துணியை இழுத்து இறுக்கினாள்.

"கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பனோ என்னமோ. ஊட்டுக்காரரு பண்ணுனதக் கூலிக்காரி சொன்னா, தப்பிச்சுக்கறதுக்குச் சொல்றான்னுதான் சொல்லுவீங்க."

"தப்பு பண்ணிட்டேங்கக்கா. திரும்பி வாங்க."

"மேக்காட்டுல என் பாட்டில மாட்டறதுக்குச் செவுத்துல தனியா ஒரு ஆணி அடிச்சுக் குடுத்துருக்கறாங்க சாமி. நான் வரலை." முறத்தை அவள் பக்கம் நகர்த்தி, "பயறு வேணும்னா ஒரு கை எடுத்துட்டுப் போ" என்றாள். அது வரச் சொன்னதும் இல்லை, போகச் சொன்னதும் இல்லை.

வரும் வழியில் அப்பாவிடம் சொல்ல வேண்டியதை நாலு விதமாகச் சொல்லிப் பார்த்தாள். எப்படிச் சொன்னாலும், கன்னைச் சாய்த்துப் பிடித்த கையிலும் தோள் துண்டிலும் வந்து முடிந்தது. அஞ்சாவது தறி கண்ணு.

அப்பா மூன்று பக்கத்தையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தயாராக வைத்திருந்தார்.

"இது வேண்டாங்கப்பா."

"ஏன்?"

"கடைசி வரி. அதுல என்னால கையெழுத்துப் போட முடியாது."

அப்பா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீ கொட்டுனியா?"

"நான் கொட்டலைங்கப்பா."

"பின்ன கையெழுத்துப் போடறதுக்கு என்ன?"

அவள் தரையைப் பார்த்தாள். அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தாள். அவர் கேட்டால் சொல்லிவிடலாம் என்று இருந்தது. அவர் கேட்கவில்லை.

"எம்புள்ள பொய் சொல்லாதுன்னு அத்தன பேருக்கு முன்னால நின்னு கத்துனேன். கற்பூரம் அடிக்கறேன்னேன். சிரிச்சானுக. அவனுக சிரிச்சது செரியாத்தான் இருக்குது." உறையைத் தறிமேல் வீசினார். "அந்தப் பொம்பளையையும் பழி சொல்லித் தொரத்தி உட்டாச்சு."

அன்று ராத்திரி அவர் மகளோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை.

திங்கள்கிழமை விடிந்ததும் தனப்பிரியா பட்டறைக்குள் போனாள். கம்ப்ரஸருக்கு அடியில் ஒரு பக்கெட்டை வைத்து, குத்தவைத்து உட்கார்ந்து திருகைத் திறந்தாள். சீறிக்கொண்டு வந்தது. முதலில் துருவாக, அப்புறம் டீ நிறத்தில், அப்புறம் வெளுத்து. நிற்பதாகத் தெரியவில்லை. பக்கெட்டில் பாதிக்கு ஏறியது.

டீ டம்ளரோடு உள்ளே வந்த அப்பா நின்றார்.

"அதென்ன அம்புட்டுத் தண்ணி?"

"காத்தோட வாரதுங்கப்பா. மாரியாயி அக்கா தெனமும் தொறந்து உடுவாங்களாமா."

அவர் பக்கெட்டைப் பார்த்தார். கிட்டே வந்து குனிந்து, ஒரு விரலை விட்டு எடுத்து, கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, சுவரில் சுருட்டி மாட்டியிருந்த குழாயைப் பார்த்தார். அங்கிருந்து அறைக்குள் மேசை இருக்கும் இடம்வரை மெதுவாகப் பார்வையைக் கொண்டுபோனார். டம்ளர் சாய்ந்து டீ கையில் வழிந்தது. அதை அவர் உதறவில்லை.

"அப்பா..."

அவர் போய்த் தறியைப் போட்டார். ஒன்று, இரண்டு. தார் இல்லாத மூன்றாவதையும் நாலாவதையும்கூடப் போட்டார். அந்த இரைச்சலில் யாரும் யாரிடமும் பேச முடியாது.

வந்த சனிக்கிழமை அவர் நாலு தறிக்குக் காற்றடித்தார். குழாயைச் சுருட்டி மாட்டிவிட்டு, அறைப்பக்கம் வராமல் வெளிவாசல் வழியாக வீட்டைச் சுற்றிக்கொண்டு போனார். மறுநாள் காலையில் லேப்டாப் எழுத்துகளின் இடுக்கில் பஞ்சு இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை எழுத்துகளே தெரியவில்லை.